காலை ஏழரை மணிக் கூட்டமும் கைக்கு வந்த பழைய பட்டியலும்

ரோட்டரி சங்கத்தில் ஜூலை 1தான் வருடப் பிறப்பு. அன்றைக்குப் புதுத் தலைவர் கழுத்தில் பதவிச் சின்னமான காலரை மாட்டுவார்கள், புதுச் செயலாளர் கையில் ஒரு கோப்பைத் திணிப்பார்கள். செயலாளரான எனக்கு வந்த கோப்பில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய எக்செல் உறுப்பினர் பட்டியல். அதை நம்பி முதல் கூட்டத்திலேயே, மனைவியை இழந்து ஆறு மாதமான மூத்த உறுப்பினருக்கு மைக்கில் திருமண நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். கைதட்டல் பாதியில் நின்றது. அவர் காபி டம்ளரைச் சத்தமில்லாமல் டபராவில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது, "பட்டியலை மாத்துங்க தம்பி" என்றதோடு முடித்துக்கொண்டார்.

பொறுப்புக்கு வரப்போகிறவர்கள் ஜூனிலேயே எல்லாருக்கும் போன் போட்டுவிடுங்கள். நாற்பது பேர் என்றால் மூன்று சாயங்காலம் போதும். பிறந்த நாள், திருமண நாள், துணைவர் பெயர் மூன்றையும் சரிபார்த்து, பக்கத்தில் 'வாசிக்கலாமா?' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதுதான் முக்கியம். வயதைச் சொல்லாதே என்பார்கள் சிலர், நட்சத்திரப் பிறந்த நாள்தான் கணக்கு என்பார்கள் சிலர்.

உடம்பு சரியில்லாத செய்தியில் நோயின் பெயரும் வார்டு எண்ணும் வேண்டாம். "தேறி வருகிறார், பார்க்கப் போவதென்றால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்" போதும். வியாபாரத்தில் இருப்பவருக்கு நோய் என்று வெளியே போனால், கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்வரை விசாரிக்கத் தொடங்குவார்கள். இறப்புச் செய்தி இருந்தால் பிரார்த்தனை முடிந்த கையோடு சொல்லி, ஒரு நிமிடம் எழுந்து நிற்க வைத்துவிடுங்கள். நடுவில் தலைவர் உரை வரட்டும், பிறகு பிறந்த நாள் கேக். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் மண்டபமே நெளியும்.

அடுத்த தலைவலி டிபன். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் ஓட்டல்காரருக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். சொன்ன எண்ணுக்குக் குறைவாக வந்தாலும் முழுப் பணம். வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் 31, வந்தவர்கள் 22. ஒன்பது பிளேட் தண்டம். இப்போது கட்டைவிரலைக் கணக்கில் எடுப்பதில்லை. கடந்த நான்கு கூட்டங்களின் வருகைச் சராசரியோடு இரண்டு பிளேட் கூட்டிச் சொல்கிறேன். பொங்கல் ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும், ஏழரைக்கு மணி அடிக்கும்போது இலை எடுத்தாயிற்று என்று இருக்க வேண்டும். பேச்சாளர் பேசும்போது சாப்பிடலாம் என்று விட்டால், நெய் உறைந்த பொங்கலைச் சுரண்டும் கரண்டிச் சத்தம்தான் மைக்கில் கேட்கும்.

நேரத்தைத் தின்பது சந்தோஷப் பெட்டி. நூறு ரூபாய் போட்டுவிட்டு ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்பதுதான் ஏற்பாடு. பேரன் நடக்கத் தொடங்கியதைச் சொல்ல எட்டு நிமிடம் எடுத்தவர் உண்டு! வங்கியிலிருந்து வந்த பேச்சாளருக்கு இருபது நிமிடத்தில் பதினொன்றுதான் மிஞ்சியது. அவர் 9 மணிக்குக் கிளையைத் திறக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று தலைவர் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கூட்ட ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜென்ட் கையில் சின்ன மணியைக் கொடுத்தால் கேட்கிறார்கள். பெட்டிப் பணத்தை அங்கேயே இரண்டு பேராக எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மற்றபடி, எட்டரைக்கு நாட்டுப்பண்.

வருகைப் பதிவேட்டில் பழைய ஆட்கள் இன்னும் '14 நாளுக்குள் மேக்-அப்' (தவறவிட்ட கூட்டத்தை ஈடு செய்வது) என்று சண்டைக்கு வருவார்கள். அது பழைய விதி. இப்போது அதே ரோட்டரி வருடத்துக்குள் ஈடு செய்தால் போதும். வேறு சங்கத்துக்குப் போகிறவர் அங்கே கூட்ட நேரத்தில் 60 சதவீதமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். டிபன் முடிந்ததும் கிளம்பினால் கணக்கில்லை. வயதும் உறுப்பினராக இருந்த வருடங்களும் சேர்ந்து 85 ஆனால் வருகை விலக்கு உண்டு. ஆனால் 20 வருட உறுப்பினராக இருக்க வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும், நிர்வாகக் குழுவும் ஒப்ப வேண்டும். 'எனக்கு 85 ஆச்சு' என்று வாயால் சொன்னதை வைத்து விலக்குப் போட்டு, பிறகு அழித்து எழுதினேன்.

கடைசியாக, காசு போன கதை. ஜூலை 1, ஜனவரி 1 இரண்டு தேதிகளில், ரோட்டரி தலைமையகத்தின் இணையதளமான மை ரோட்டரி கணக்கில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அரையாண்டுச் சந்தா பில் வரும். டாலர் கணக்கு, ரோட்டரி அந்த மாதத்துக்கு அறிவிக்கும் விகிதத்தில் ரூபாயாகக் கட்ட வேண்டும். ஜூன் கூட்டத்தில் இரண்டு பேர் ஊர் மாறிப் போவதாகச் சொல்லி, சால்வையும் வாங்கிக்கொண்டு விடைபெற்றார்கள். அவர்கள் பெயரை இணையத்தில் யாரும் எடுக்கவில்லை. பில்லில் இருவரும் இருந்தார்கள். பிறகு நீக்கினாலும் வந்த பில் குறையாது. சங்கக் கணக்கிலிருந்துதான் கட்டினோம். ராஜினாமா எழுத்தில் வாங்குங்கள், அன்றைக்கே விலகிய தேதியைப் பதிவேற்றுங்கள். அதற்கு உங்கள் பெயர் செயலாளராக ஏறியிருக்க வேண்டும், அதை ஏற்ற வேண்டியவர் முந்தைய செயலாளர். பிப்ரவரியிலிருந்தே அவரை விரட்டுங்கள்.

டிசம்பர் 20ஆம் தேதியே உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்தேன். ஜனவரி பில்லில் தலைக்கணக்கு சரியாக வந்தது.