பெக் ட்யூப் போடப் போய் வாசலோடு திரும்பினோம்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் விழுங்க முடியவில்லை. மூக்குக் குழாய் நாலு வாரத்தைத் தாண்டியதால் பெக் (வயிற்றுத் தோல் வழியே நேராக இரைப்பைக்குள் வைக்கும், உணவு ஊற்றும் குழாய்) போட நாள் குறித்தார்கள். எண்டோஸ்கோப்பி அறை வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கும்போதுதான் நர்ஸ் கேட்டார்: "க்ளோபிடோக்ரெல் எப்போ நிறுத்துனீங்க?" அது ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து; நிறுத்தவே இல்லை. நாள் குறித்தபோது யாரும் கேட்கவும் இல்லை. அந்த உடம்பை மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது இன்னும் ஆறவில்லை.

நாள் வாங்கும்போதே மருந்துச் சீட்டு முழுவதையும் காட்டுங்கள். க்ளோபிடோக்ரெலை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் கூடவே கூடாது. எப்போது நிறுத்துவது என்று அந்த மருந்தை எழுதிய டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை), ப்ளேட்லெட் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை பட்டினி, ஆன்டிபயாட்டிக் ஊசி, அரை மணிக்குள் வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல், குழாயை வயிற்றுத் தோலின் மேல் பிடித்து நிறுத்தும் வெளித்தட்டு. குழாய் ஆடக் கூடாதென்று வார்டில் இறுக்கிவிட்டார்கள். தோல் கன்றிச் சிவந்துவிட்டது. தட்டுக்கும் தோலுக்கும் நடுவே அரை முதல் 1 செ.மீ. விட வேண்டும். இறுக்கமாகவே இருந்தால் உள்ளே இருக்கும் தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோகும். குழாயில் செ.மீ. குறி இருக்கும், தோலை ஒட்டி எந்த எண் என்று முதல் நாளே குறித்து வையுங்கள். புண் ஆறிய பிறகு, டாக்டர் சொன்னதும், குழாயை 2-3 செ.மீ. உள்ளே தள்ளி, சுழற்றி, பழைய குறிக்கே இழுத்து வைக்க வேண்டும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நைசாகப் பொடித்து, நடுவே தண்ணீர் விட்டுக் கொடுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்ட, மெல்ல மெல்ல மருந்தை விடும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மாற்று மருந்து கேளுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும், துணியில் வடிகட்டியே ஊற்றுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான நீரை 50 மி.லி. சிரிஞ்சில் மெல்லத் தள்ளி இழுங்கள். கம்பி விடாதீர்கள். பெக் இருந்தாலும் புரையேறும். தலைமாட்டை 30-45 டிகிரி உயர்த்தி, ஊற்றி முடித்தும் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் குழாயின் அளவே இல்லை. சண்டை போட்டுத்தான் '20 ஃப்ரெஞ்ச்' (ஃப்ரெஞ்ச் என்பது குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) என்று எழுதி வாங்கினோம். குழாய் கழன்றால் முதல் கேள்வியே அதுதான். போட்டு ஒரு மாதத்துக்குள் கழன்றால் திரும்பச் செருகாதீர்கள், உணவு இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் கசிந்துவிடும். பழைய துவாரம் என்றாலும் சில மணி நேரத்தில் மூடத் தொடங்கும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.