ஆவுளியா மேய்ந்த தடம்

அந்தமானில் டைவ் கைடாக இருந்தவரை என் வேலை காட்டுவது. விருந்தினர்கள் படகிலேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கடலில் இறங்குவார்கள். ஆமை எங்கே, திருக்கை எங்கே என்று விரலை நீட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதுவும் கண்ணில் படாத நாளில் டிப்ஸும் கண்ணில் படாது. இப்போது ஊருக்கே திரும்பி, மல்லிப்பட்டினம் பக்கம் கடற்புல் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். இங்கேயும் சனி, ஞாயிறு என்றால் படகில்தான் ராத்தங்கல். ஆனால் காட்டுவதற்கு ஆளும் இல்லை, பெரும்பாலும் பொருளும் இல்லை.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அதுதான். நம் கரையில் அதற்கு ஆவுளியா என்று பேர். கடற்புல்லை மட்டுமே நம்பி வாழும் பிராணி. வளர்ந்த ஒன்று ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ தின்னும். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். இருப்பது கொஞ்சம்தான். அதனால் அதைத் தேடுவதைவிட அதன் சாப்பாட்டை அளப்பது புத்திசாலித்தனம்.

நாங்கள் போனது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது. இழுவலை அடிமண்ணைக் கிளறாததால் தண்ணீர் கொஞ்சம் தெளியும். வாடை ஓய்ந்து கடலும் அடங்கியிருக்கும். சும்மா நின்ற ஒரு விசைப்படகை, அனுமதி வாங்கி, வலை இல்லாமல் எடுத்துக்கொண்டோம். தங்கு படகுகளில் காற்று அடைக்கும் கம்ப்ரசர் படகிலேயே ஓடும். இந்தப் படகில் அதை வைக்க எனக்குத் துணிவில்லை. டீசல் புகை ஒரு இழுப்பு உள்ளே போனாலும் சிலிண்டரில் விஷவாயு தங்கிவிடும். கரையிலேயே நிரப்பி, மீன் போடும் ஐஸ் பெட்டிக்குள் வரிசையாகப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். என்ன கழுவினாலும் போகாத கவிச்சி. வாயில் வைக்கும் ரெகுலேட்டர் வரை அதே வாசம்.

ஆழம் மூன்று, நான்கு மீட்டர். கேட்பவர்களுக்கு இளக்காரமாக இருக்கும். உண்மையில் முப்பது மீட்டரைவிட இது தொல்லை. சிலிண்டரில் காற்று குறையக் குறைய ஆள் மேலே மேலே மிதப்பான். இடுப்பில் ஒரு கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். காலில் மாட்டிய துடுப்பை ஒருமுறை கீழ்நோக்கி அடித்தால் போதும், சேறு எழும்பி முன்னால் நீட்டிய கையே தெரியாது. நாடாவை விரித்து, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஐம்பது சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் புல் எவ்வளவு, எந்த வகை என்று பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுத வேண்டும். முகத்தைச் சட்டத்துக்கு ஒரு முழத்தில் வைத்துக்கொண்டு நகர்வதால், அந்தமானில் நான் ஒருநாளும் நின்று பார்க்காததெல்லாம் தெரியவந்தது. புல்லிதழில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆண் கடல்குதிரை, குட்டிப் பை புடைத்து, அலை போன போக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கடல்குதிரையையும் கடலட்டையையும் பிடிக்க 2001இல் தடை வந்தது. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் டிரைவர் அண்ணன் மேலேயிருந்து ஏணியைத் தட்டினார். ஏறிப் போனால் கையில் ஒரு கொத்துக் கடற்புல். அவர் பேச்சில் அது தாழை.

“தம்பி, தாழை வேரோட மெதக்குது பாருங்க. அலை அறுத்தா எலை மட்டும்தான் வரும்.”

“நங்கூரம் புடுங்கியிருக்கலாமேண்ணே?”

“நங்கூரம் ஒரு எடத்துல புடுங்கும். இது அங்கேருந்து வரிசையா வருது.”

வந்த திசையில் நகர்ந்து இறங்கினோம். சின்னச் சின்ன முட்டை வடிவ இலைகளோடு தரையோடு தரையாகப் படர்ந்த புல். அதன் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண், வளைந்து வளைந்து ஐந்தாறு மீட்டர் போய் நின்றுவிட்டது. பக்கத்திலேயே இன்னொன்று. ஆவுளியா புல்லை வேரோடு பிடுங்கி மேய்ந்த தடம். இழுவலைப் பலகை கீறிய தடத்தையும் இந்தக் கடலில் பார்த்திருக்கிறேன்; அது நேர்கோடாகப் போகும், ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். இதில் ஓரத்துப் புல் நிமிர்ந்தே நின்றது. குழியும் இன்னும் தூர்ந்து போகவில்லை, ஆகப் புதுசு. அளந்து, இடத்தைக் குறித்துக்கொண்டு மேலே வந்தோம்.

ராத்திரி நாட்டுப்படகுக்காரர்களிடம் வாங்கிய நீலக்கால் நண்டில் குழம்பு. கஜா புயலில் மல்லிப்பட்டினத்துத் துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை டிரைவர் அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். தூக்கம் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. தங்கு படகின் ஏசி அறையை அப்போது நினைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிறு காலை தூரத்தில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. எல்லோரும் எழுந்து நின்றோம். பேராமை! அதுவும் இதே புல்லை மேய்கிற பிராணிதான். ஆவுளியாவைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை அட்டவணையில் ‘நேரில் கண்டது’ என்ற கட்டத்தில் பூஜ்யம், ‘மேய்ச்சல் தடம்’ கட்டத்தில் இரண்டு. அலுவலகத்தில் முதல் கேள்வி, “போட்டோ இருக்கா?” மண்ணில் ஒரு சாண் கோட்டின் படத்தைக் காட்டினேன், முகம் சுண்டிவிட்டது. அந்தப் பூஜ்யத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. மேய்ச்சலுக்கு வந்து போகிறது என்பதைவிட வேறென்ன செய்தி வேண்டும்?

பக்கத்து மனோரா கோட்டை வரை சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சிலர் என்னிடம் இங்கே டைவிங் டூர் ஆரம்பிக்கலாமே என்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். இரண்டு மீட்டர்கூடத் தெரியாத கடலில், காசு கொடுத்தவருக்குக் காட்டியே தீர வேண்டும் என்று கைடு துரத்த ஆரம்பித்தால், முதலில் ஓடிப்போவது ஆவுளியாவாகத்தான் இருக்கும். ஆமை பார்க்க ஆசையா, அந்தமானுக்குப் போகலாம். நல்ல கைடுகளின் எண்ணைக்கூடத் தருகிறேன்.

கடலில் வடக்குப் பக்கம் இன்னும் அளக்கப் பாக்கி இருக்கிறது. அதே படகைக் கேட்டேன். ஓனர் இன்ஜினைக் கழற்றி வேலைக்குக் கொடுத்துவிட்டாராம். தடைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றார்.