தூள் துணியில் எப்படி நிற்கிறது? வைவாவில் நான் கோட்டைவிட்ட இடம்

பெறுபேறு வந்துவிட்டது. இறுதியாண்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழிப் பரீட்சைக்கு, பி தரம்தான். ஏ வந்திருக்க வேண்டியது, ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. அடுத்த பச் ஆட்கள் அதே கிடங்கில் விழக்கூடாது.

என் தலைப்பு, நச்சு இரசாயனங்களைத் தடுக்க நார்களின்மேல் பூசும் நுண்துளைப் படலங்கள். அப்பாவால் எடுத்த தலைப்பு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் செய்கிற வயலுக்கு மருந்தடிக்கும்போது பழைய சாரத் துண்டொன்றைத்தான் முகத்தில் கட்டுவார். ஒருகாலத்தில் அவர் அடித்த ஓகனோபொஸ்பேற் மருந்துகளும் சரீன் என்ற நரம்பு நச்சு வாயுவும் முடக்குவது ஒரே நொதியத்தைத்தான்.

முதல்நாள் இரவு எண்களாக விழுங்கினேன். யுஐஓ-66 (சிர்க்கோனியத்தையும் சேதன மூலக்கூறுகளையும் கோத்த நுண்துளைத் தூள், படலமாகப் பூசுவது இதைத்தான்), 2008, ஒஸ்லோ பல்கலைக்கழகம், ஒரு கிராமுக்கு 1000 சதுர மீற்றருக்கு மேல் பரப்பு. 2025 இரசாயனவியல் நோபல் பரிசுகூட இந்த மாதிரியான உலோக–சேதனச் சட்டகங்களுக்குத்தான் என்று சொல்லக் காத்திருந்தேன். பரீட்சகர் கேட்டதோ: "தம்பி, இந்தத் தூள் துணியில எப்படி நிக்குது? உதறினாக் கொட்டாதா?"

வாயடைத்துப்போனேன்.

பொலிபுரொப்பிலீன் நாரில் பிடிமானத்துக்கு ஐதரொட்சில் கூட்டமே கிடையாது. உழாத தரையில் விதைநெல் எறிந்த மாதிரி. அதனால் முதலில் அலுமினியம் அல்லது தைத்தேனியம் ஒட்சைட்டை அணுப்படை அணுப்படையாக, நனோமீற்றர் கணக்கில் போர்த்துகிறார்கள். சட்டகத்தின் பளிங்குகள் அதில்தான் முளைக்கின்றன. தலைப்பு எடுத்த அன்றே நாரின் குறுக்குவெட்டைக் கீறுங்கள்: நார், ஒட்சைட்டு, சட்டகம், மூன்று வளையம். மனப்பாடம் வரும் ஆட்களுக்கு இது தேவையில்லையோ என்னவோ, எனக்குக் கீறாமல் எதுவும் ஏறாது.

மற்றவை:
- காபன் நஞ்சைப் பிடித்து வைக்கும், நிரம்பினால் அவ்வளவுதான். சிர்க்கோனியச் சட்டகம் அதை நீர்ப்பகுப்பால், அதாவது தண்ணீரைக் கொண்டு, உடைக்கும். மாற்றிச் சொல்லாதீர்கள்.
- ஆய்வுகூடச் சோதனையில் சரீனுக்குப் பதில் டிஎம்என்பி என்ற போலிச் சேர்வை. உடைந்தால் மஞ்சள், 400 நனோமீற்றருக்குக் கிட்ட அளப்பார்கள்.
- நஞ்சு உடையும் வேகத்தைக் காட்டும் அந்த அழகான வரைபுகள் பெரும்பாலும் பிஎச் 10 அளவிலான தாங்கற் கரைசலில் எடுத்தவை. காய்ந்த துணியில் அவ்வளவு தண்ணீர் ஏது? கேட்கமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் வியர்வையைப் பற்றிக் கேட்டார்கள். நஞ்சை மறிக்கும் ரப்பர் உடுப்பு வியர்வை ஆவியையும் மறிக்கும், பூசிய நார்த்துணி அதை வெளியே விடும். ஓகஸ்ட் வெயிலில் அப்பா ரப்பர் உடுப்போடு வரம்பில் நின்றால் மருந்துக்கு முதல் வெக்கையே ஆளை விழுத்திவிடும் என்றேன். சிரித்தார்கள். பி-யாவது வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.