குழாய் எண்ணெயா, கப்பல் எண்ணெயா? சதுப்புநிலக் கண்காணிப்பில் பட்டறிந்தவை

சிங்கப்பூர்க் கரைச் சேற்றை எங்கே அள்ளிச் சோதித்தாலும் கொஞ்சம் எண்ணெய்ச் சுவடு இருக்கும். கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகின் முதல் துறைமுகம் இது. போதாததற்குச் சாலைக் கரியையும் மழைநீர்க் கால்வாய்கள் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதி ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கொட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று தெற்கே புக்கோம், புக்கோம் கெச்சில் தீவுகளுக்கிடையே எண்ணெய்க் குழாய் கசிந்தது. வெளியேறியது எண்ணெயும் நீரும் கலந்த கழிவு, 30 முதல் 40 டன். இவ்வளவுக்கும் நடுவே, எண்ணெய்க் குழாய்க்கு அருகிலுள்ள சதுப்புநிலம் ‘குழாயால்தான் கெட்டது’ என்று சொல்ல, கசிவுக்கு முன்பே எடுத்துவைத்த அளவுகள் வேண்டும். கசிந்த பிறகு ஓடிப்போய் அள்ளும் சேறு பாதிக் கதைதான் சொல்லும்.

முன்னளவு என்றால் ஓராண்டாவது, இரண்டு பருவக்காற்றையும் தாண்டி எடுத்தது. கூடவே குழாயின் பாதிப்பு எட்டாத ஒப்பீட்டு இடங்கள், ஒன்றுக்கு மேல். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். தெற்குத் தீவுகளுக்கு ஒப்பீடாக, வடக்கே ஜொகூர் நீரிணையை ஒட்டிய சுங்கை புலோ சதுப்புநிலத்தை எடுப்பவர்கள் உண்டு. அந்த நீரிணையை மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் தடுத்துவைத்திருக்கிறது. அங்கே நீரோட்டமும் வேறு, உப்பளவும் வேறு, சேறும் வேறு. மரவகையும் மண் துகளும் ஒத்துப்போகும் இடத்தைத் தேடுங்கள், தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் மாதிரி எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. எந்த இடம், எத்தனை ஜாடி, எவ்வளவு சேறு என்று விண்ணப்பத்தில் துல்லியமாக எழுதிவிட்டால் பின்னால் கேள்விகள் குறையும். பிறகு ஓத அட்டவணை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆழ்ந்த வற்றம் விடியற்காலையை ஒட்டி வரும், ஆண்டுக் கடைசியில் மாலையில். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கிவிடுவது நல்லது. இடி கேட்டால் ஏறிவிட வேண்டியதுதான், பேச்சே இல்லை.

சேற்றை அள்ளும்போது பிளாஸ்டிக் பக்கமே போகக்கூடாது. எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கிலுள்ள சேர்மங்களும் ஆய்வக வரைபடத்தில் தலைகாட்டும். கண்ணாடி ஜாடி, டெஃப்ளான் உள்ளுறை வைத்த மூடி, ஹெக்சேன் கரைப்பானில் கழுவிய எவர்சில்வர் கரண்டி. மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் அள்ளி, இருட்டில், 4 டிகிரியில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து, 14 நாளுக்குள் பிரித்தெடுப்புக்குக் கொடுக்க வேண்டும். படகு எஞ்சின் புகையும் கையில் தடவிய சன்ஸ்கிரீனும் மாதிரியைக் கெடுக்கும். அதனால் ஒரு வெறும் ஜாடியைக் களத்தில் திறந்துவைத்து மூடி, அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.

மேற்பரப்பு சுத்தமாக இருந்தால் நம்பிவிடாதீர்கள். நண்டு வளைகள் வழியே எண்ணெய் கீழே இறங்கும். காற்றில்லாத கருஞ்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மிக மெதுவாகவே தின்னும், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வளைகள் நிறைந்த இடத்தில் குழாய்த் துளைப்பானை 30 சென்டிமீட்டர் வரை இறக்கி, அடுக்கடுக்காகப் பிரித்து ஜாடியில் இடுங்கள். குட்டைகளில் மின்னும் வானவில் படலம் எல்லாம் எண்ணெய் அல்ல. குச்சியால் கலக்கிப் பாருங்கள்: ஓடுபோல் துண்டுதுண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியாவின் படலம், மீண்டும் ஓடிக் கூடினால் எண்ணெய்.

அப்பி-அப்பி என்னும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களை 50க்கு 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்துக்குள் எண்ணி, எந்த உயரம் வரை கறை ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேரின் நுண்துளைகள் அடைபட்டால் மரம் உடனே சாகாது. இலை உதிர்வது பிறகுதான் தெரியும், ஆகவே அதே சட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கடற்புல் திடலுக்கு 50 மீட்டர் நீளத்தில் மூன்று கயிறுகள், 25 மீட்டர் இடைவெளியில். 5 மீட்டருக்கு ஒரு சட்டம் வீதம் மொத்தம் 33. உயிரினத்தில் சோதிக்கப் பச்சைச் சிப்பிதான் தோதானது. மீன் தன் ஈரலால் எண்ணெயின் சேர்மங்களைச் சீக்கிரம் சிதைத்துவிடும், சிப்பியால் அவ்வளவு முடியாது.

ஆய்வக எண்களில் மொத்த அளவைவிட விகிதங்களே பேசும். எண்ணெயிலும் புகைக்கரியிலும் இருக்கும் சேர்மங்களில், பினாந்திரீனை ஆந்திரசீனால் வகுத்தால் 10க்கு மேல் வருவது எண்ணெய்க் கசிவின் பக்கம், கீழே வருவது புகைக்கரியின் பக்கம். ஃபுளோராந்தீனை, ஃபுளோராந்தீன் பைரீன் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க 0.4க்குக் குறைந்தால் அதுவும் எண்ணெயையே காட்டும். வெயிலில் கிடந்து பழசான எண்ணெயில் இந்த விகிதங்கள் நழுவும். அப்போது ஹோப்பேன் என்னும், எண்ணெயிலுள்ள எளிதில் சிதையாத சேர்மங்களைப் பார்க்க வேண்டும். குழாயில் ஓடும் எண்ணெயின் மாதிரியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கி உறைபெட்டியில் வைத்தால்தான் அந்த ஒப்பீடே நடக்கும். கசிவுக்குப் பின் கேட்டால் வழக்கறிஞர் வழியாகத்தான் பதில் வரும்.

குழாய் துருப்பிடிக்காமல் காக்க அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் பதிவையும் சேர்த்தே கேளுங்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்வாயில் அளந்தால், கடல்நீரில் மைனஸ் 0.80 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வீசும் சேற்றில் மைனஸ் 0.90. அதைவிட எதிர்மம் குறைந்த அளவு காட்டும், அதாவது காப்பு போதாத பகுதி எதுவோ, அடுத்த முறை சேறு அள்ளும் புள்ளிகளை அதன் அருகே நெருக்கமாகப் போடுங்கள்.