செவுளின் சிவப்பு

“மீன் கெடும்போது எழும் நாற்றத்திற்குக் காரணம் யாது?”

காசிமேட்டில் இன்று காலை, மீன் விற்கும் தாயின் அருகில் அமர்ந்து, கல்லூரி மாணவி ஒருவர் நுண்ணுயிரியல் வினாக்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

தாய் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இன்னும் ஈரமான ரத்தச் சிவப்பு.

கடல்மீனின் தசையிலுள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றுவதால்தான் அந்த நாற்றம் எழுகிறது என்றும், குளிர் அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது என்றும் மகள் சொல்லச் சொல்ல, தாய் இன்னொரு கை ஐஸை அள்ளிப் போட்டார்.

அடுத்தது சூழலியல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடை ஏன்?

“சினை மீனையே புடிச்சிட்டா, அப்பால கடல்ல இன்னா இருக்கும்?”

எந்தப் பேராசிரியரும் முழு மதிப்பெண் தர வேண்டிய விடை அது.

பெரிய மீன்களையே தலைமுறை தலைமுறையாகப் பிடித்தால், சிறிய உடலிலேயே முதிர்ச்சியடையும் மீன்களின் மரபணுக்கள் பெருகக்கூடும் என்ற மரபியல் கருத்தை, அந்தச் செவுளைப் பார்த்தபடியே நானும் நினைத்துக்கொண்டு நின்றேன்.