பி0171-ஐத் துரத்திய இரண்டு வாரம்

டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்த அன்று வண்டி நன்றாகத்தான் ஓடியது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசான நடுக்கம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்ற கோளாறுக் கோட் வந்தது. கலவை லீன், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்லித்தானே இந்தக் கோட் வருகிறது என்று அந்தச் சென்சாரையே மாற்றிவிட்டு, ஸ்கேனரில் அந்தக் கோட்-ஐ அழித்தேன். மூன்றாம் நாள் விளக்கு திரும்பி வந்தது. பாவம், பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அழித்ததில் இன்னொரு நஷ்டமும் உண்டு. விளக்கு எரிந்த நொடியின் ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருக்கும். கோட்-உடன் அதுவும் போய்விட்டது.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில் 760 ஆர்பிஎம், 88 டிகிரி. அதாவது சூடான இன்ஜின், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும் ஐட்லிங். அப்புறம் லைவ் டேட்டாவில் ஃபியூல் டிரிமைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் இது. ஷார்ட் டெர்ம் என்பது அந்தந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் என்பது நாள்படக் கற்றுக்கொண்ட திருத்தம். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐட்லிங்கில் லாங் டெர்ம் +21, ஷார்ட் டெர்ம் +6. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500-இல் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே +5-தான்!

இங்கேதான் நூல் முனை கிடைத்தது. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் இன்ஜினுக்குப் பாரம் ஏற ஏற டிரிமும் ஏறும். இங்கே தலைகீழ். உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் சின்ன ஓட்டையும் பெரிய பங்கு. வேகம் கூடினால் அது அடிபட்டுப்போகும்.

ஓட்டையைத் தேட சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள், அது ஓட்டை வழியே உள்ளே போனால் இன்ஜின் ஓட்டம் மாறும். சூடான இன்ஜின்மேல் தீப்பிடிக்கும் திரவத்தை அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஒவ்வொரு ஹோஸாகத் தெளித்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஹோஸ்களைக் கையால் வளைத்துப் பார்த்தபோதுதான் இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி உள்ளே இழுக்கும் பிசிவி ஹோஸின் முழங்கை வளைவில், அடிப்பக்கத்தில், நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைப் பிளந்தது. மேலே தெளித்த தண்ணீர் அங்கே எப்படிப் போகும்?

இன்ஜினை ஓட விட்டு, ஃபேன் பக்கம் போகாமல், வெடிப்பை விரலால் அடைத்தேன். ஷார்ட் டெர்ம் +6-இலிருந்து சரசரவென்று −13-க்கு இறங்கியது. விரலை எடுத்தால் மறுபடி மேலே. இதை நாலைந்து தடவை செய்து பார்த்தேன், தேவையே இல்லாமல்.

டேப் சுற்றியது ஒரு நாள்தான் தாங்கியது, ஹோஸில் எண்ணெய் ஊறியிருந்தால் எது ஒட்டும்? புது ஹோஸ், புது கிளிப் போட்டேன். இந்தத் தடவை கோட்-ஐ அழிக்காமல் விட்டேன். லாங் டெர்ம் முதலில் 12, அப்புறம் 3. சில நாள் ஓட்டியதும் விளக்கு தானாகவே அணைந்தது.

பழைய ஆக்சிஜன் சென்சாரைத் துடைத்து டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.