இறுதியாண்டு போஸ்டிங்: ஊசி அட்டை மட்டும் போதாது

நர்சிங் மூன்றாம் ஆண்டில் ஸ்பெஷாலிட்டி போஸ்டிங்குக்கு, அதாவது மருத்துவமனைச் சிறப்புப் பிரிவில் பயிற்சிக்கு, பாரம் (படிவம்) நிரப்பும்போது ஐ.சி.யூ கிடைக்குமா, ஓ.டி (அறுவை அரங்கு) கிடைக்குமா என்பதுதான் எல்லாருக்கும் பேச்சு. எங்கள் பேட்ச்சில் பாதிப் பாரங்கள் திரும்பி வந்தது ஹெப்படைட்டிஸ் பி-யால்.

சிறு வயதில் போட்ட ஊசியின் அட்டையை ஃபோட்டோஸ்டேட் எடுத்துச் சேர்த்தால் போதும் என்று இருந்துவிட்டோம். மலேசியாவில் 1989-லிருந்தே பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள், அதனால் அட்டை எல்லாரிடமும் இருந்தது. கவுண்டரில் இருந்த கிராணி (எழுத்தர்) அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரிசல்ட் மானா?” (ரிசல்ட் எங்கே?) அவ்வளவுதான். கேட்டது ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை, அதாவது ஊசியால் உண்டான எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டி ஹெச்பிஎஸ் அளவை. இது முன்கூட்டியே கொடுத்த பட்டியலில் ஒரு வரியாகவாவது இருந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ரிப்போர்ட்டில் வரும் எண் குறைந்தது 10 இருக்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது ஊசி போட்டவர்களுக்கு இருபது வயதில் அது 10-க்குக் கீழே இறங்கியிருப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பூஸ்டர் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் எண் ஏறிவிடும். ஏறாவிட்டால்தான் சிக்கல். அந்த பூஸ்டரையே முதல் ஊசியாக வைத்து 0, 1, 6 மாதக் கணக்கில் ஊசிகளை முடித்து, அதன் பிறகு மீண்டும் பரிசோதனை. ஆகவே பாரம் கொடுக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எட்டு மாதம் எண்ணி, அப்போதே முதல் ரத்தத்தைக் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் எந்த கிளினிக்காலும் அந்த மாதங்களைச் சுருக்கித் தர முடியாது.

இன்னொன்று நம்மவர்களுக்கே வரும் தலைவலி. லேப்பில் இடம் போதாமல் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதோடு அப்பா பெயரையும் வெட்டிவிடுகிறார்கள். பாரத்தில் முழுப் பெயர், ரிப்போர்ட்டில் பாதிப் பெயர் என்றால் அது வேறு ஆளின் ரிப்போர்ட் ஆகிவிடும். ரிப்போர்ட்டை வாங்கியதும் அங்கேயே நின்று ஐ.சி-யோடு (அடையாள அட்டை) ஒப்பிட்டுப் பாருங்கள்.

மார்பு எக்ஸ்ரே, கல்லூரிக் கடிதம், படங்கள் எல்லாம் தகராறில்லாமல் முடிந்தன.

இனி எதைத் தேர்வு செய்வது. முதலில் செய்த வேலைகளுக்குக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கைத் திறந்து எந்தப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். ஓ.டி பார்க்கப் பெருமையான இடம்தான். ஆனால் மாணவர் அங்கே பெரும்பாலும் ஓரமாக நின்று பார்ப்பவர். கீறுவதற்கு முன், உட்குழியை மூடுவதற்கு முன், தோலைத் தைப்பதற்கு முன் என்று துணியையும் கருவிகளையும் எண்ணும் விதத்தை அங்கே நன்றாகக் கற்கலாம். கையெழுத்து வாங்கும் வேலைகள் குறைவு. அவசரப் பிரிவில் அதற்கு நேர்மாறு, ஒரே ஷிஃப்ட்டில் பல கட்டங்கள் நிரம்பிவிடும்.

கோலாலம்பூரில் ஜனவரி கடைசி, பிப்ரவரி வாரங்களில் ஓ.டி கேட்பவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். தைப்பூசம், பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், சீனப் புத்தாண்டு எல்லாம் அந்தப் பக்கமாகவே வந்து விழும். விடுமுறையில் திட்டமிட்ட அறுவைகள் நடக்காது. குறைந்த மணிநேரத்தை நீங்கள்தான் பிறகு ஈடுகட்ட வேண்டும். வார்டுக்கோ ஐ.சி.யூ-வுக்கோ இந்தத் தொல்லை இல்லை, அங்கே விடுமுறையிலும் ஷிஃப்ட் உண்டு.

லாக் புக் கையெழுத்தை அன்றே வாங்குங்கள், பெயர் சாப்போடு (முத்திரை). சாப் இல்லாத கையெழுத்தை எங்கள் கல்லூரி எண்ணவே இல்லை. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ஸ்டாஃப் நர்ஸ் நைட்டுக்கோ லீவுக்கோ போயிருப்பார். சட்டைப் பையில் சாப் இருப்பவர் யார் என்று ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் பாஸ் ஓவரிலேயே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தில் மூன்று விருப்பம் கேட்பார்கள். மூன்றாவது கட்டத்தை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள், எங்களில் பலருக்குக் கிடைத்தது அதுதான். டயாலிசிஸ் எழுதியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நோயாளி வாரம் மூன்று முறை, பெரும்பாலும் நான்கு மணி நேரம் வந்து படுக்கிறார். அதே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் கேஸ் ஸ்டடிக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். ஒன்றை மட்டும் முன்பே படித்துவிட்டுப் போங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்ட கையில் விரலை வைத்தால் வைப்ரேட்டில் இருக்கும் போன் போல அதிர வேண்டும். அதிரவில்லையென்றால் உடனே சொல்ல வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, வேறு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக்கூடாது. முதல் நாளே சிஸ்டர் கேட்பது இதைத்தான்.